நேட்டால் கப்பற் பதிவேடுகளும் ஊர்ப்பெயர் ஆய்வும்

நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்கட்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் செல்லத் தொடங்கியது 1860ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையினின்று புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. 1911இல் இம்முறை முடிவுறும்வரை இந்தியாவினின்று அங்குச் சென்றோர் ஒன்றரை இலக்கத்திற்கும் மேற்பட்டவர். அவர்தம் வழியினர் இன்று முன்னோரின் ஊரையும் உறவினரையும் தேடி இங்கு வருகின்றனர். அவர்கள் கையிலுள்ள சான்று பெரும்பாலும் கப்பற் பதிவேட்டின் ஒரு வரியே. பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் என்பன அதில் குறிக்கப்பெறும்.

இவற்றுள் எது துணைசெய்யும் என ஆராய்வாம். முதலி, படையாட்சி முதலியன அங்குக் குடும்பப் பெயர்களாக நிலைத்துள்ளன. எனினும் அவை பல குடிகட்குப் பொதுவான பட்டங்களாதலின் ஒரு குடியைச் சுட்டா. நிலமற்றோர் பெயரை ஈண்டுள்ள பழைய நிலப்பதிவுகளிற் காண்டலும் அரிது. ஆகவே ஊர்ப்பெயரே முதன்மைச் சான்றாம்.

அதனைப் படித்தலில் இடர்ப்பாடுகள் இரண்டு உள. உரோமன் எழுத்தில் ல, ள, ழ வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் மறைதலின், ஒரே எழுத்துக்கோவை பாலூர் என்றும் பழூர் என்றும் படிக்க இடந்தரும். மாவட்ட எல்லைகளும் மாறியுள்ளன. பழைய வட ஆர்க்காட்டின் ஒரு பகுதி 1911இல் சித்தூர் மாவட்டத்திற் சேர்ந்தது. எஞ்சியது 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அவற்றுள் வேலூர் 2019இல் மூன்றாயிற்று.

ஆதலின் முதற்கண் வட்டத்தைத் துணிந்து, அதனுள் ஒலியொத்த ஊர்களையெல்லாம் தொகுத்து, தந்தை பெயரையும் ஊரார் நினைவையும் ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறல் வேண்டும். ஓரெழுத்தைப் பிழைபடப் படிப்பின், கடல் கடந்து வந்தவர் பிறர் வீட்டு வாயிலில் நிற்க நேரும். அப்பிழை நிகழாது காத்தல் தமிழாய்வார் கடனாம்.