எதிர்க்காற்றிலும் முன்னேறும் படகு

சித்திரை மாத வெயிலில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருப்பவர்களுக்கு மாலையில் ஓர் ஆறுதல் கிடைப்பதுண்டு. அதுவரை அனலாக வீசிய காற்று திசை மாறும். கிழக்கிலிருந்து ஈரக்காற்று வரும். கடல் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் நிலத்தைக் கடந்து வந்த கடற்காற்று அது.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெயிலில் நிலம் விரைவாகச் சூடாகிறது; கடல்நீர் மெதுவாகவே சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. நம் மீனவர்கள் பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டிய காலத்தில், விடியுமுன் நிலக்காற்றில் புறப்பட்டு, பிற்பகலில் கடற்காற்றில் கரை திரும்பினார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்ததில் வியப்பில்லை. அவர்களுக்குக் காற்றுதான் எஞ்சின்.

ஒரு பகல் பயணம்

மத்தியதரைக் கடலோரத்தில் கோடைக்காலத்தில் ஒரு காட்சி சாதாரணம். கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் ஒரு சிறு பாய்மரப் படகில் காலையில் ஒரு துறைமுகத்திலிருந்து கிளம்புவார்கள். மாலைக்குள் அடுத்த துறைமுகத்தில் படகைக் கட்டிவிடுவார்கள். அங்கே கரை வளைந்து நெளிந்து இருப்பதால் ஒதுங்குவதற்கு விரிகுடாக்கள் பல உண்டு. ஓதத்தினால் நீர்மட்டம் ஏறி இறங்குவதும் பெரும்பாலான இடங்களில் மிகக் குறைவு. ஆனாலும் மிஸ்ட்ரல், மெல்டெமி போன்ற பலத்த காற்றுகள் கிளம்பினால் அன்று பயணம் இல்லை.

நம் சோழமண்டலக் கரை வேறு மாதிரி. அது பெரும்பாலும் நேரான மணற்கரை. இயற்கைத் துறைமுகங்கள் அரிது. சென்னைத் துறைமுகமே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பி உண்டாக்கப்பட்டதுதான். அதற்கு முன்பு கப்பல்கள் தொலைவில் நிற்க, பயணிகள் மசூலா படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரை சேர்ந்தார்கள்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பாய்மரப் படகில் போவதாக ஒரு கணக்குப் போடுவோம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். சென்னை சுமார் 13 பாகை 6 நிமிடம். புதுச்சேரி சுமார் 11 பாகை 55 நிமிடம். வேறுபாடு 71 நிமிடம். கரை சற்று மேற்கே சாய்வதையும் சேர்த்தால் தூரம் ஏறத்தாழ 75 கடல் மைல். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தை ஒரு 'நாட்' என்பார்கள். சிறு படகு 5 நாட் வேகத்தில் போனால் 15 மணி நேரம் ஆகும். பகல் பொழுது போதாது. காற்று தெற்கிலிருந்து வீசினாலோ, இன்னும் தாமதமாகும்.

தெற்கிலிருந்து வீசும்போது தெற்கே எப்படிப் போக முடியும் என்று கேட்கிறீர்களா?

விதை வழுக்கும் விதம்

காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு முன்னே போகும். இது எளிது. காற்று பக்கவாட்டிலிருந்து வந்தால் பாய் வேறொரு வேலை செய்கிறது. வளைந்த பாய் காற்றின் பாதையைத் திருப்பிவிடுகிறது. அதற்கு எதிர்விளைவாகப் பாயின் மேல் ஒரு விசை உண்டாகிறது. விமானத்தின் இறக்கை மேல்நோக்கித் தூக்கப்படுவதும் இப்படித்தான். ஆனால் பாயின் மேலுள்ள விசையில் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளும். சிறு பகுதிதான் முன்னே இழுக்கும்.

இங்கேதான் நீருக்கடியில் இருக்கும் உறுப்பு உதவிக்கு வருகிறது. படகின் அடியில் துடுப்புப் போல இறங்கியிருக்கும் ஏரா, படகு பக்கவாட்டில் நகர்வதை எதிர்க்கிறது. ஈரமான தர்ப்பூசணி விதையை இரண்டு விரல்களால் அழுத்திப் பாருங்கள். அது முன்னே பாயும். காற்று ஒரு விரல், நீர் மறு விரல், படகுதான் விதை.

ஆனாலும் காற்று வரும் திசைக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. ஏறத்தாழ 45 பாகை விலகியே போக வேண்டும். சிறிது தூரம் வலப்பக்கம், பிறகு சிறிது தூரம் இடப்பக்கம் என்று வளைந்து வளைந்து முன்னேற வேண்டும். பிதாகரஸ் தேற்றப்படி கணக்கிட்டால், 10 கடல் மைல் முன்னேற 14 கடல் மைலுக்கு மேல் ஓட வேண்டியிருக்கும்.

இரண்டு பெண்கள், ஒரு படகு

இந்த அறிவை மட்டும் துணையாகக் கொண்டு உலகையே சுற்ற முடியுமா? புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் முடியும் என்று காட்டினார்கள். இருவரும் இந்தியக் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர்கள். 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற 56 அடி நீளப் பாய்மரப் படகில் புறப்பட்டார்கள். படகில் வேறு யாரும் இல்லை.

அவர்கள் நின்ற துறைமுகங்கள் நான்கு: ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், ஃபாக்லாந்துத் தீவின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன்.

ஏன் கிழக்கு நோக்கிச் சுற்றினார்கள்? தென்கோளத்தில் 40 பாகைக்குத் தெற்கே ஆண்டு முழுவதும் மேற்கிலிருந்து பலத்த காற்று வீசுகிறது. அதைத் தடுக்கப் பெரிய நிலப்பரப்பு இல்லை. மாலுமிகள் அந்தப் பகுதியை 'உறுமும் நாற்பதுகள்' என்பார்கள். ஏன் அக்டோபரில் கிளம்பினார்கள்? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை. மிகக் கொடிய கடலை அப்போது கடப்பதுதான் ஓரளவு பாதுகாப்பு.

லிட்டல்டனிலிருந்து போர்ட் ஸ்டான்லி வரை ஏறத்தாழ ஒன்றரை மாதம் கரையே இல்லை. 2025 ஜனவரி 30 அன்று 'பாயின்ட் நீமோ' என்ற இடத்தைக் கடந்தார்கள். பூமியில் நிலத்திலிருந்து மிகத் தொலைவான கடற்புள்ளி அது. மிக அருகிலுள்ள தீவுகூட ஏறத்தாழ 2,688 கிலோமீட்டருக்கு அப்பால்! அங்கே ஆராய்ச்சிக்காகக் கடல்நீரையும் சேகரித்தார்கள். பிப்ரவரி 15 அன்று தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றினார்கள்.

வழியில் 50 நாட் வேகக் காற்றையும் சந்தித்தார்கள். காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 15 நாட் காற்று 45 நாட் ஆனால் பாயின் மேல் விசை மூன்று மடங்கல்ல, ஒன்பது மடங்கு! உரிய நேரத்தில் பாயைச் சுருக்காவிட்டால் பாய் கிழியும், பாய்மரமே முறியலாம். இவர்களுக்குப் பயிற்சி அளித்த அபிலாஷ் டோமிக்கு அது நேர்ந்தது. 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் அவருடைய பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் பலத்த காயத்துடன் படகில் கிடந்த அவர் மூன்றாம் நாள் மீட்கப்பட்டார். அவரே 2023இல் தன்னந்தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தை இரண்டாவதாக முடித்தார்.

உலகைச் சுற்றியதாக ஏற்கப்பட, குறைந்தது 21,600 கடல் மைல் ஓட வேண்டும். 360ஐ 60ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். தாரிணி ஓடியது சுமார் 25,400 கடல் மைல். 2025 மே 29 அன்று அது கோவா திரும்பியது.

நீங்களும் பாருங்கள்

பள்ளி மொட்டைமாடியில் ஆசிரியர் துணையுடன் ஒரு கம்பை நட்டு, நுனியில் மெல்லிய துணி நாடாவைக் கட்டுங்கள். காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை, மணிக்கொரு முறை காற்றின் திசையைக் குறித்து வையுங்கள். எந்த நேரத்தில் காற்று கிழக்குக்கு மாறுகிறது? மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் கடற்காற்று தாமதமாக வருகிறதா, வராமலே போகிறதா? ஒரு மாதக் குறிப்புகளைக் கடலோரப் பள்ளி நண்பர் ஒருவரின் குறிப்புகளோடு ஒப்பிடுங்கள். கரையில் மாறிய காற்று உங்கள் ஊருக்கு வந்துசேர எத்தனை மணி நேரம் எடுத்துக்கொண்டது என்பதை நீங்களே கணக்கிட்டுவிடலாம்.