எந்த கம்பஸில் நம் ஆட்கள் இருக்கிறார்கள்?

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் கோரும் நாட்களில் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பாடசாலைகளில் ஒரே பரபரப்பாக இருக்கும். ஒவ்வொரு பாடநெறிக்கும், அது நடக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. பிள்ளைகள் அந்தக் குறியீடுகளைத் தங்கள் விருப்பப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக நிரப்ப வேண்டும். இசட் புள்ளி, மாவட்டம், இந்த வரிசை ஆகிய மூன்றையும் வைத்தே இடம் முடிவாகிறது. புள்ளியையும் மாவட்டத்தையும் இனி யாராலும் மாற்ற முடியாது. வரிசை மட்டும் அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது.

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பேராதனையில் படித்துவிட்டு, இப்போது உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கிறேன். விண்ணப்பம் நிரப்பும் நாட்களில் பெற்றோரும் வருவார்கள். கொழுந்து மலையிலிருந்து அரைநாள் பேரோடு, அதாவது அரைநாள் சம்பளத்தோடு, இறங்கி வந்த ஒரு அம்மா, பாடநெறியைப் பற்றியெல்லாம் பிள்ளை பேசி முடித்த பிறகு மெதுவாகக் கேட்பார்: “டீச்சர், அங்க நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?”

படிக்கப்போகிற இடத்தில் ஆள் எதற்கு என்று சிலர் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடுகிறார்கள். அது மிகச் சரியான கேள்வி என்பது என் உறுதியான எண்ணம். வெட்டுப்புள்ளி, வேலைவாய்ப்பு ஆகியவற்றோடு சேர்த்து அதையும் விசாரித்த பிறகே வரிசையை எழுத வேண்டும்.

லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தனிமை பழக்கமில்லை. ஒரு காம்பராவில் காய்ச்சல் என்றால் பக்கத்துக் காம்பராவிலிருந்து கஞ்சி வரும். மாரியம்மன் திருவிழா, காமன் கூத்து, கல்யாணம், சாவு எல்லாமே ஒரு தோட்டத்தின் பொதுக் காரியங்கள். 1823இல் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த முதல் ஆட்களிலிருந்து கணக்கிட்டு, 2023இல் இருநூறு ஆண்டு நினைவைக் கொண்டாடினோம். 1948இல் குடியுரிமையை இழந்தும் குலையாமல் நின்ற மக்கள் நாம். எழுபதுகளில்தான் தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. அதனால் இன்றும் பல வீடுகளில், கம்பஸுக்குப் போகும் பிள்ளைதான் அந்தக் குடும்பத்தில் முதல் ஆள். அங்கே என்ன நடக்கும் என்று சொல்ல வீட்டில் யாருமில்லை. அந்த வழிகாட்டல் வீட்டுக்கு வெளியே, தன் மண்ணைச் சேர்ந்த மூத்த மாணவர்களிடமிருந்து கிடைக்க வேண்டும்.

அனுமதி முறை நமக்கு ஓரளவு துணை நிற்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் வரை மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் வரை கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16இல் அடங்கும். ஆனால் உள்ளே போன பிள்ளை மூன்று நான்கு வருடம் தாக்குப்பிடித்துப் பட்டத்தோடு வெளியே வருவதற்கு எந்தச் சட்டத்திலும் ஒதுக்கீடு இல்லை. அந்த இடத்தில்தான் சமூகம் வேலை செய்கிறது.

இதே கேள்வியை உலகத்தில் வெளிப்படையாகவும் முறையாகவும் கேட்டவர்கள் அமெரிக்க யூதர்கள். கப்பலில் வந்து இறங்கிய தொழிலாளர்களின் பிள்ளைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் தொகை கூடுகிறது என்று 1922இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவர் லோவல், யூத மாணவருக்கு எல்லை கட்ட வேண்டும் என்று முன்மொழிந்தார். மறு வருடமே, 1923இல், இலினோய் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஃபிராங்கல் என்ற இளம் மதகுரு யூத மாணவருக்கென ஒரு கூடத்தை ஆரம்பித்தார். ‘ஹில்லல்’ என்று பெயரிடப்பட்ட அந்த அமைப்பு இன்று பல நூறு கல்லூரிகளில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அவர்களின் ஓய்வுநாளான சப்பாத் தொடங்கும். அன்றிரவு ஹில்லல் கூடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டியைப் பகிர்ந்து, சேர்ந்து சாப்பிடுவார்கள். தொழுகையில் பெரிய ஈடுபாடு இல்லாதவர்களும் அந்தச் சாப்பாட்டுக்கு வருவார்கள்.

1948இல், நம் மக்களின் குடியுரிமை பறிபோன அதே வருடம், யூத சமூகம் பணம் திரட்டி மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தைத் திறந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் யூத நீதியரசரின் பெயர் அது. மற்றப் பல்கலைக்கழகங்கள் தங்களை எண்ணி எண்ணிச் சேர்த்த காலத்தில், தங்கள் கதவை எல்லா மதத்தவருக்கும், எல்லா இனத்தவருக்கும் திறந்து வைத்தார்கள்.

இன்றும் யூத வீடுகளில் கல்லூரி தேடும்போது கேட்கும் கேள்விகள் மிகத் தெளிவானவை. அங்கே எத்தனை யூத மாணவர்? வெள்ளி இரவு கூடுகிறார்களா? மத விதிப்படி சமைத்த சாப்பாடு கிடைக்குமா? பரீட்சை சனிக்கிழமையில் விழுந்தால் வேறு நாள் தருவார்களா? பாரம்பரிய முறைப்படி கூட்டுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர் தினமும் சேர்வார்களா? இந்தக் கேள்விகளை அவர்கள் கூச்சப்படாமல் கேட்கிறார்கள். நாமும் அப்படியே கேட்கலாம்.

பேராதனையை எடுத்துக்கொள்வோம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி பஸ்ஸில் ஏறினால் பல்கலைக்கழக வாசலிலேயே இறங்கலாம். ஹந்தானை மலையின் அடிவாரம் அது. நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற பச்சை நமக்குப் பழகிய பச்சை. மேட்டில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. வெள்ளி மாலை விரிவுரை முடிந்து, குளித்து, படியேறிப் போனால் அங்கே இந்து மாணவர் சங்கத்துப் பிள்ளைகள் பூ கட்டிக்கொண்டிருப்பார்கள். பொங்கலோ கடலையோ கையில் கிடைக்கும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வன்னி, மலையகம் என்று எல்லா ஊர்த் தமிழும் அங்கே காதில் விழும். தமிழ்ச் சங்கமும் அதன் ‘இளங்கதிர்’ மலரும் பல தலைமுறை மாணவரை எழுதவும் பேசவும் வைத்திருக்கின்றன. பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் வளாகத்தில் வழிபாட்டு இடங்கள் உண்டு.

கோயிலை விடவும் என்னைத் தாங்கியது குப்பி. மூத்த மாணவர் இரவில் இளையவர்களைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லித்தருவதைத்தான் கம்பஸில் அப்படிச் சொல்வோம். முதல் வருடத்தில் புள்ளிவிபரவியல் எனக்குத் தலையில் ஏறவேயில்லை. புத்தகமெல்லாம் ஆங்கிலம். மஸ்கெலியாவைச் சேர்ந்த ஒரு அக்கா ஹொஸ்டல் அறைத் தரையில் காகிதத்தை விரித்து, “தங்கச்சி, ரெண்டு மலையை நெனச்சுக்க” என்றார். ஒரு மலையில் மூன்று பேர் எடுத்த கொழுந்து 17, 18, 19 கிலோ. அடுத்த மலையில் 10, 18, 26 கிலோ. இரண்டிலும் சராசரி 18தான். “சராசரி ஒன்னா இருந்தாலும் ரெண்டு மலையும் ஒன்னா? இந்த மலைல எல்லாருக்கும் பேர் விழுந்துரும். அந்த மலைல ஒருத்திக்கு அரைப்பேருதான். அந்த வித்தியாசத்தை அளக்கிறதுதான் நியம விலகல்.” அதற்குப் பிறகு அந்தப் பாடத்தில் எனக்குப் பயம் இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பார்த்து வளர்ந்த ஒருவரால்தான் அப்படிச் சொல்லித்தர முடியும். இன்று நான் வகுப்பில் சொல்லும் உதாரணமும் அதுதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளாகத்தில் தொடங்கியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டிய பரமேஸ்வரன் ஆலயம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கலைப் பாடங்களைத் தமிழில் படிக்கலாம். கடைக்குப் போனாலும் வைத்தியரிடம் போனாலும் தமிழ்தான். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அப்படியே. சிங்களம் தெரியாத பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனாலும் பெற்றோரிடம் ஒன்றை நான் மறைப்பதில்லை. தமிழர் நிறைந்த இடம் என்பதால் மட்டுமே மலையகப் பிள்ளைக்கு அது சொந்த இடமாகிவிடாது. என்னிடம் படித்த ஒரு பெண் வேறொரு பல்கலைக்கழகத்தில், பேச்சை வைத்தே ‘தோட்டக்காடு’ என்று ஒதுக்கப்பட்டாள். ஒதுக்கியவர்களும் தமிழ்ப் பிள்ளைகள்தான். அவளை அங்கே நிலைக்க வைத்தவர்கள் பதுளையிலிருந்து வந்திருந்த இரண்டு சீனியர்கள். பிறகு அவளே தன் விடுதியில் காமன் கூத்துப் பாட்டுகளைப் பாடிக்காட்ட, ஒதுக்கியவர்களில் சிலர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். “அங்கே தமிழர் இருக்கிறார்களா” என்று கேட்டதோடு நிறுத்தாமல், “மலையகத்திலிருந்து எத்தனை பேர்” என்றும் கேட்கச் சொல்வது அதனால்தான்.

கொழும்பு, மொறட்டுவைக்குப் போகிறவர்களுக்கு வளாகத்துக்கு வெளியேயும் ஒரு சமூகம் இருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கோயில், மரக்கறிச் சாப்பாட்டுக் கடை, தமிழ்ப் புத்தகக் கடை எல்லாம் உண்டு. மொறட்டுவையிலிருந்து காலி வீதி பஸ் ஒன்றில் ஏறினால் வெள்ளவத்தை. பதுளை நகரிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தைச் சுற்றித் தோட்டங்களே. அங்கே சிங்கள மாணவரே பெரும்பான்மை என்றாலும் வாசலைத் தாண்டினால் நம் பேச்சு கேட்கும். வீட்டை விட்டு விலக முடியாத சூழலில் இருப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகமும், ஆசிரியராக விரும்புகிறவர்களுக்குக் கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கின்றன.

வரிசையை எழுதுவதற்கு முன் நான் பிள்ளைகளை விசாரிக்கச் சொல்வது இவை. நம் பாடசாலையிலிருந்து அந்தப் பீடத்துக்குப் போனவர் யார், அவருடைய தொலைபேசி எண் கிடைக்குமா? பாடம் எந்த மொழியில்? ஆங்கிலம் என்றால் குப்பி நடத்த ஆள் உண்டா? விடுதி எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும், கிடைக்காத வருடங்களில் எங்கே தங்குவார்கள்? வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாத பிள்ளைக்கு கன்டீனில் என்ன கிடைக்கும்? கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எவ்வளவு தூரம்? திடீரென்று ஒரு சாவு, ஒரு சுகவீனம் என்றால் எத்தனை மணி நேரத்தில் வீடு வந்து சேரலாம்? மகாபொல பணம் பிந்தினால் யாரிடம் கைமாற்று வாங்கலாம்? பகிடிவதை எப்படி இருக்கிறது? அதற்கெதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுக்கிறேன். ஊர்க்கார சீனியர் என்ற உரிமையில் வதைப்பவரும் சட்டத்தின் முன் குற்றவாளிதான்.

இவ்வளவும் விசாரித்த பிறகு, மருத்துவத்துக்குப் புள்ளியுள்ள பிள்ளை, வேறொரு பாடநெறியில் நம் ஆட்கள் அதிகம் என்பதற்காக மருத்துவத்தைக் கீழே இறக்கி எழுதக்கூடாது. பாடநெறியே முதலில் வர வேண்டும். ஒரே பாடநெறி மூன்று நான்கு இடங்களில் நடக்கும்போது எது மேலே, எது கீழே என்பதை இந்தப் பதில்களை வைத்துத் தீர்மானிக்கலாம். யாரும் இல்லாத இடத்துக்கே போக நேர்ந்தாலும், அது தெரிந்து போகிற பிள்ளை தயாராகப் போகும். போன இடத்தில் நம் சங்கத்தோடு இன்னொரு சங்கத்திலும் சேரச் சொல்கிறேன். நாடகமோ, மலையேற்றமோ, விளையாட்டோ எதுவானாலும் சரி. நம் ஆட்களோடு மட்டுமே நான்கு வருடம் உட்கார்ந்திருந்தால் சிங்களமும் வராது, ஆங்கிலமும் வராது, நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு நம்மைத் தெரியவும் போவதில்லை.

யூதர்களுக்கு நூறு வருடமாக ஒரு ஹில்லல் இருக்கிறது. நமக்கு அவ்வளவு பணமும் கட்டடமும் வேண்டியதில்லை. மலையகத்தின் ஒவ்வொரு உயர்தரப் பாடசாலையும் ஒரு கொப்பி வைத்திருந்தால் போதும்: எந்த வருடம், யார், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பீடம், பேச ஒரு எண். எண்ணைக் கொடுப்பதற்கு அந்தப் பழைய மாணவர் சம்மதிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எங்கள் பாடசாலையில் தொடங்கிவிட்டோம். கம்பஸில் இருக்கும் பிள்ளைகளே, முடித்து வேலையில் இருப்பவர்களே, நீங்கள் படித்த பாடசாலைக்குப் போய் உங்கள் பெயரை எழுதிவையுங்கள். அடுத்த வருடம் ஒரு அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, “இருக்காங்கம்மா, இந்தா நம்பர்” என்று சொல்ல ஒவ்வொரு ஆசிரியருக்கும் முடியவேண்டும்.