கண்ணப்பர் வேடத்துக்கு ரத்தம்: வீட்டிலேயே செய்யலாம்... சுண்ணாம்பு மட்டும் வேண்டாம்!

பள்ளி ஆண்டு விழா, மாறுவேடப் போட்டி என்றாலே கண்ணப்ப நாயனார் வேடத்துக்குத் தனி மவுசுதான். கையில் வில், தலையில் மயிலிறகு, கண்ணிலிருந்து வழியும் ரத்தம். கள்ளக்குறிச்சி மாவட்டம் திருநாவலூரில் இந்த வேடத்தோடு ஊர்ப் பெருமையும் சேர்ந்துகொள்ளும். கண்ணப்பர் உள்ளிட்ட அடியார்களைப் போற்றித் திருத்தொண்டத் தொகை பாடிய சுந்தரர் பிறந்த ஊர் அது.

வில்லும் மயிலிறகும் எப்படியாவது கிடைத்துவிடும். ரத்தத்துக்குத்தான் கடைசி நேரத்தில் அல்லாடுவோம். அப்போது சட்டென்று நினைவுக்கு வருவது ஆரத்தித் தட்டு. மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் போதும், கண்ணெதிரே சிவந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி, காரத்தன்மை பட்டதும் சிவப்பாக மாறுவதுதான் காரணம்.

நம் ஊர்களின் ஆதி மேடை ரத்தம் என்று இதைச் சொல்லலாம். திருநாவலூர், உளுந்தூர்பேட்டை எல்லாம் அடங்கிய பழைய தென்னார்க்காடு, தெருக்கூத்தும் திரௌபதி அம்மன் வழிபாடும் செழித்த மண். பாரதக் கூத்தின் உச்சம் படுகளம். திறந்த வெளியில் மண்ணால் செய்த பிரமாண்ட துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையைப் பிளப்பான். அங்கே வைத்திருக்கும் செந்நிற நீரைத் தொட்டுத் தடவி, விரித்த கூந்தலை முடிப்பாள் பாஞ்சாலி. கூட்டத்தில் பலர் அழுதேவிடுவார்கள். அது வெறும் சிவப்புத் தண்ணீர் என்று யாருக்கும் தோன்றாது.

ஆனால், படுகளத்தில் அது மண் தொடையிலிருந்து வருகிறது. கண்ணப்பர் வேடத்திலோ குழந்தையின் கண்ணுக்குக் கீழே வழிய வேண்டும். வித்தியாசம் அங்கேதான். சுண்ணாம்பு கடும் காரம். மென்மையான தோலைப் புண்ணாக்கும். கண்ணுக்குள் போனால் கருவிழியை அரித்துப் பார்வையையே பறித்துவிடக்கூடும். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும். குங்குமத்தைக் குழைத்துப் பூசுவதும் வேண்டாம். கடைக் குங்குமத்தில் என்ன சாயம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சமையலறை ரத்தம்

ஒரு கப் சர்க்கரையை அரை கப் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். கரைந்ததும் 2 டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறுங்கள். பளபளவென்று கெட்டியானதும் இறக்கி, நன்றாக ஆறவிடுங்கள். பிறகு உணவுக்கான சிவப்பு நிறத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். இந்த நிலையில் அது ரோஸ்மில்க் மாதிரிதான் இருக்கும், பயப்பட வேண்டாம். சலித்த கோகோ பவுடர் அரை டீஸ்பூனும், பச்சை நிறம் ஒரே ஒரு சொட்டும் போட்டால் நிஜ ரத்தத்தின் கருஞ்சிவப்பு வந்துவிடும். காய்ந்த ரத்தம் வேண்டுமென்றால் கோகோவைக் கூட்டுங்கள்.

சாக்லேட் சங்கதி புதிதல்ல. 1960-ல் ஹிட்ச்காக் எடுத்த ‘சைக்கோ’ படத்தின் புகழ்பெற்ற குளியலறைக் காட்சியில் ஓடியது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் நிறம் பொருட்டாகவே இல்லை. பீட்ரூட் சாறு பலருக்கும் தோன்றும் யோசனை. ஆனால், மேடை வெளிச்சத்தில் ஊதா கலந்த ரோஸ் நிறமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள். இமையிலும் கண் ஓரத்திலும் பூசவே கூடாது. கன்ன எலும்பின் மேலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தால் போதும், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் கண்ணிலிருந்து வழிவதாகவே தெரியும். வியர்த்தால் நீர்த்து ஓடும், அதனால் கெட்டியாகவே வைத்து, மேடையேறும் முன்பு கடைசியாகப் பூசுங்கள்.

துணியில் பட்டால் உடனே குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெள்ளைச் சட்டையில் காய்ந்துவிட்டால் உணவு நிறம் லேசில் போகாது. மீதத்தை மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் எறும்புகளை ஏமாற்ற முடியாது. சர்க்கரைப் பாகு என்று அவை கண்டுபிடித்துவிடும். எனவே, வேடம் கலைந்ததும் குழந்தையின் முகத்தைக் கழுவிவிட்டுத்தான் தூங்க வைக்க வேண்டும்.