பறவை நோக்கப் போவோமா?

பறவை நோக்கும் குழுவினருடன் ஒரு நாள் காலையில் சென்றுவர உங்களுக்கு ஆசை இருக்கலாம். 'காக்கை, குருவி, மைனா தவிர வேறு பெயர் எதுவும் எனக்குத் தெரியாதே!' என்ற தயக்கமும் கூடவே இருக்கலாம். முதல் நாள் தேவைப்படுவது பெயர்கள் அல்ல. கூர்ந்து பார்க்கும் பழக்கமே.

சென்னையின் தென்பகுதியில் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எடுத்துக்கொள்வோம். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் இது இடம்பெற்றது. குளிர்காலக் காலைப்பொழுது இங்கே பறவை நோக்க ஏற்றது. பளிச்சிடாத நிறத்தில் ஆடை, தொப்பி, தண்ணீர், குறிப்பேடு, பென்சில் இவை போதும்.

குழுவில் யாரிடமாவது பைனாகுலர் இருக்கும். அதில் 8 × 40 என்று பொறித்திருந்தால் என்ன பொருள்? 80 மீட்டர் தொலைவில் உள்ள பறவை, 10 மீட்டர் தொலைவில் இருப்பது போல் 8 மடங்கு பெரிதாகத் தெரியும். முன்புற வில்லையின் விட்டம் 40 மில்லிமீட்டர். பறவை பெரிதாவது போலவே கையின் நடுக்கமும் 8 மடங்கு பெரிதாகும்! ஆகவே முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பாருங்கள். பார்வையை அகற்றாமல் கருவியைக் கண்ணருகே உயர்த்துங்கள். அதன் வழியாகச் சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்கக் கூடாது, பார்வையே பறிபோய்விடும்.

வழிகாட்டி, "அந்த மரத்தில் இரண்டு மணி" என்பார். மரத்தைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், வலப்பக்கம் சற்று மேலே என்று புரியும்.

தண்ணீர் ஓரத்தில் வெள்ளைப் பறவைகள் நிற்கின்றன. எல்லாம் கொக்குதானே? அலகைப் பாருங்கள், காலைப் பாருங்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம் என்றால் அது சின்னக் கொக்கு. குட்டையான மஞ்சள் அலகு என்றால் உண்ணிக்கொக்காக இருக்கலாம். மிதக்கும் இலைகள் மேல் இலைக்கோழி நடக்கிறது. அது ஏன் மூழ்கவில்லை? அதன் நீண்ட விரல்கள் உடல் எடையை அதிகப் பரப்பில் பரப்புகின்றன, அழுத்தம் குறைகிறது. வகுப்பில் படித்த பாடம் கண்ணெதிரே நடக்கிறது!

பார்த்ததை நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றுடன் எழுதுங்கள். பெருங்கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அதைப்போல் எத்தனை பத்து இருக்கும் என்று மதிப்பிடலாம். அடையாளம் உறுதியாகத் தெரியாவிட்டால், 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். பக்கத்தில் நிற்பவர் சொன்னார் என்பதற்காக ஒரு பெயரை எழுதிவிடாதீர்கள். ஓர் இனம் குறைந்து வருகிறதா என்பதைப் பல ஆண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டே அறிகிறோம். தவறான பெயர், இல்லாத பறவையை இருப்பதாகக் காட்டிவிடும். வெற்றிடம் அந்தத் தீங்கைச் செய்யாது.

கூடு கண்டால் நெருங்காதீர்கள். தாய்ப்பறவை அஞ்சிப் பறந்துவிட்டால், முட்டைகள் வெயிலில் காயும், காக்கைக்கும் இரையாகும். நல்ல படம் கிடைக்கும் என்பதற்காக ஒரு குஞ்சின் உயிரைப் பணயம் வைக்கலாமா?

பொங்கல் விடுமுறையில் தமிழகத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அதற்குள் உங்கள் தெருவில் வாழும் பத்துப் பறவைகளை அறிந்துகொள்ளுங்களேன்!