முருகைக்கல் சுவரில் ஒரு ரீவி

யாழ்ப்பாணத்தின் புங்குடுதீவில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்கும் நயினாதீவுப் படகுக்கும் ஏறும் சாமான்களுக்குள் இப்போது அகன்று தட்டையான அட்டைப்பெட்டிகளையும் காணலாம். கொண்டு போகிறவர்கள் அதைப் படுக்க விடாமல் நிமிர்த்தியே பிடித்திருப்பார்கள். அது சரியான பழக்கம்தான். படுக்க வைத்தால், படகு தூக்கிப் போடும் ஒவ்வொரு முறையும் ரீவித் திரையின் மெல்லிய கண்ணாடி நடுவில் வளையும். இவ்வளவு கவனமாகக் கடல் கடந்து வந்த பொருள், வீட்டுக்குப் போன பிறகு சுவரிலிருந்து கழன்று விழுவதுதான் வேடிக்கை.

பல வீடுகளில் ரீவியைக் கொழுவும் சட்டம் வெளிநாட்டிலிருந்து வந்ததாக இருக்கும். கோயில் திருவிழாவுக்கு வரும் உறவினர் ரொறன்ரோவில் வாங்கிப் பயணப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்திருப்பார். சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதை வடிவமைத்தவர் மனதில் இருந்தது வேறொரு சுவர். கனடாவில் வீட்டின் உட்சுவர் என்பது பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்திய மரச்சட்டங்களும், அவற்றின்மேல் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகையும்தான். பெட்டிக்குள் வரும் தடித்த நீளத் திருகாணிகள் அந்த மரத்துக்கானவை. மரத்தின் நார்களை வெட்டிக்கொண்டு நுழைந்து, அந்த நார்களாலேயே இறுகப் பிடிபடும். புங்குடுதீவுச் சுவருக்குள் மரம் ஏது?

பழைய குழாய் ரீவி 29 அங்குலம் என்றாலே 40 கிலோவைத் தாண்டும். அதை மேசையில் வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்றைய 43 அங்குலத் தட்டைத்திரை பெரும்பாலும் 10 கிலோவுக்குள் அடங்கிவிடும். 55 அங்குலம் 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பாரத்தால் ஒரு திருகாணி முறிந்துபோகும் என்று பயப்படத் தேவையில்லை. 6 மில்லிமீற்றர் உருக்குத் திருகாணி குறுக்கே பல நூறு கிலோவைத் தாங்கும். ரீவி விழுந்த இடங்களைப் பார்த்தால் திருகாணி முழுசாகவே கீழே கிடக்கும், அதன் பிளாஸ்ரிக் உறையோடும் ஒரு பிடி தூளோடும். அதாவது, இழுபட்டு வெளியே வந்திருக்கிறது.

அந்த இழுவை எங்கிருந்து வருகிறது என்பதைச் சின்னக் கணக்கொன்றால் காட்டலாம். சுவரோடு ஒட்டிய சட்டத்தில் ரீவியின் ஈர்ப்பு மையம் சுவரிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறது, மேல் திருகாணிகள் சட்டத்தின் அடிவிளிம்புக்கு 20 சென்ரிமீற்றர் மேலே இருக்கின்றன என்றால், அவற்றை வெளியே இழுக்கும் விசை 16ஐ 5ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தது: 4 கிலோ. இதே ரீவியை மடக்கி நீட்டும் கைச்சட்டத்தில் மாட்டி 50 சென்ரிமீற்றர் முன்னே இழுத்தால் 40 கிலோ. கையின் சொந்தப் பாரத்தை இதில் சேர்க்கவேயில்லை. கிணற்று வாளியை உடம்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. குசினியிலிருந்தும் விறாந்தையிலிருந்தும் பார்க்க வசதி என்று சொல்லி அந்தக் கைச்சட்டத்தை விற்கிறார்கள். தீவு வீடுகளுக்கு அது வேண்டாம் என்பதே என் கட்சி.

சுவர் எது என்று அறிய நிபுணர் தேவையில்லை. துளை போடும்போது கொட்டும் தூளைப் பார்த்தால் போதும். சாம்பல் நிறமென்றால் சீமெந்துக்கல். மா போல வெள்ளையாகக் கொட்டினால் சுண்ணக்கல் அல்லது முருகைக்கல்.

சீமெந்துக்கல்லும் எல்லாம் ஒன்றல்ல. சீமெந்தைக் கூட்டிக் குறைத்துப் போடுவதற்கு ஏற்பக் கல்லின் வலுவும் மாறும். கை நகத்தால் சுரண்டினாலே மணல் உதிரும் கல்லை நம்பிப் பாரம் கொழுவக் கூடாது. பூச்சின் தடிப்பு ஒன்றரைச் சென்ரிமீற்றர் வரை இருக்கலாம். அது பாரம் தாங்காது. அதைக் கடந்து கல்லுக்குள் 4, 5 சென்ரிமீற்றராவது திருகாணி போகவேண்டும். இரண்டு கல் பொருந்தும் இடத்தில் துளை விழுந்தால் அதை விட்டுவிட்டுக் கல்லின் நடுவுக்குப் போவது நல்லது.

முருகைக்கல் வேறு கதை. நெடுந்தீவில் சாந்து இல்லாமல் அடுக்கிய வேலிகள், கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு எல்லாமே இந்தக் கல்தான். தீவுகளின் பழைய வீடுகள் சிலவற்றிலும் பூச்சுக்குப் பின்னால் இதுவே இருக்கிறது. பவளப் பூச்சிகள் கடலில் கட்டி விட்டுப்போன கல்சியம் காபனேற்றுக் கூடு இது. அந்தக் கனிமம் இடைவெளியே இல்லாமல் இறுகியிருந்தால் ஒரு கன சென்ரிமீற்றர் 2.9 கிராம் நிறுக்கும். பாறைப்பவளத்தின் கூடோ 1.2 முதல் 1.5 கிராம் வரைதான். பாதிக்குப் பாதி வெற்றிடம். கல்லைக் கல்லோடு பிடித்திருக்கும் சுண்ணாம்புச் சாந்தும் சீமெந்துச் சாந்தைவிட மிக மென்மையானது. மேலிருந்து வரும் கூரைப் பாரத்தை இந்தச் சுவர் நூறு, இருநூறு வருடம் சுமந்திருக்கும். உள்ளிருந்து நெருக்கினால்தான் நொறுங்கும்.

உள்ளிருந்து நெருக்குவதே, திருகாணியோடு துளைக்குள் போகும் அந்த உறையான றோல் பிளக்கின் வேலை. லண்டனில் ஜோன் ஜோசப் றோலிங்ஸ் என்ற ஒப்பந்தகாரர் 1910களின் தொடக்கத்தில் இதை உண்டாக்கினார். பிரித்தானிய அருங்காட்சியகச் சுவர்களைப் பழுதாக்காமல் மின்சாரச் சாதனங்களைப் பொருத்தவேண்டிய வேலை அவருக்கு வந்திருந்தது. சணல் நாரைப் பசையிட்டுக் குழாயாக்கினார். திருகாணி நுழைய நுழைய அது விரிந்து துளையின் பக்கங்களை அழுத்தியது. 1958இல் ஜேர்மனியின் ஆர்தூர் பிஷர் அதையே நைலோனில் செய்தார். இரண்டிலும் பிடிப்பது உராய்வுதான். அந்த உராய்வு பிறக்க, பக்கச் சுவர் திருப்பி அழுத்தவேண்டும். பாதி வெற்றிடமான கல் திருப்பி அழுத்தாமல் உள்ளே நொறுங்கிக் கொடுத்துவிடும். முதல்நாள் இறுக்கமாகத் தெரிந்த திருகாணி சில மாதத்தில் கையால் ஆட்டினாலே ஆடும்.

அதற்குள் உப்பும் வேலையைத் தொடங்கியிருக்கும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. சோளகம் அடிக்கும் மாதங்களில் அலை உடைந்து தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வீட்டுக்குள் வருகின்றன. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். ஆகவே உப்புப் படிந்த உலோகம் இந்தத் தீவுகளில் முழுதாகக் காய்வதே அரிது. சாதாரணத் திருகாணியின் நாகப்பூச்சு 5 முதல் 10 மைக்ரோன் தடிப்புத்தான். மிகக் கடுமையான கரையோரக் காற்றில், வெளியே வைத்த நாகம் வருடத்துக்கு 4 முதல் 8 மைக்ரோன் வரை தேயும் என்கிறது ஐஎஸ்ஓ 9223 தரநிர்ணயம். வீட்டுக்குள் இந்த வேகம் இல்லை. ஆனால் உவர் ஏறிய சுவரென்றால், திருகாணியின் உடல் முழுவதும் உப்பு ஈரத்துக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. கறள் பிடித்தால் இரும்பு இருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மெலிந்த திருகாணி ஒருபக்கம், வெடித்த கல் மறுபக்கம்.

என்ன செய்யலாம்? கறள் பிடிக்காத உருக்கிலும் தரம் பார்க்கவேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 304 வகை கடலோரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கப்படும். 2, 3 வீதம் மொலிப்டினம் சேர்த்த 316 வகை உப்பைத் தாங்கும். பெரிய திருகாணி என்றால் தலையில் ஏ4 என்று பொறித்திருக்கும். விலை கூடத்தான். ரீவியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு காசே இல்லை.

முருகைக்கல் சுவரென்றால் சட்டத்தை நேரே பூட்டாமல், முதலில் ஒரு மீற்றர் நீளமான தடித்த பலகையைப் பூட்டிப் பாரத்தைப் பல கற்களுக்குப் பகிரலாம். வைரம் பாய்ந்த பனஞ்சலாகை இதற்கு நன்றாக உதவும். பனையின் வெளிப்புறம்தான் வைரம், உட்பக்கம் சோறு. ஆகவே திருகாணி கறுத்த வெளிப்பகுதியில் பிடிக்கவேண்டும். பலகையைப் பிடிக்கும் துளைகளுக்கு, தட்டும் விசையை நிறுத்திவிட்டு ட்ரில்லைச் சுழல மட்டும் விட்டு, தூளைச் சைக்கிள் பம்பால் ஊதி வெளியேற்றி, சல்லடைக் குழாய் வைத்து ரெசின் பசையைச் செலுத்தலாம். பசை துவாரங்களுக்குள் ஊறி இறுகும்போது உராய்வை நம்பத் தேவையில்லை, கல்லோடு கல்லாகப் பூட்டிக்கொள்கிறது. சுவரை நெருக்குவதும் இல்லை. பசை முழுதாக இறுகும் முன் பாரம் ஏற்றக்கூடாது. எவ்வளவு நேரம் என்பது குழாயிலேயே எழுதியிருக்கும்.

இதெல்லாம் பெரிய கரைச்சல் என்பவர்கள் அகலமான மேசையில் ரீவியை வைத்து, பின்பக்கத்தை ஒரு நாடாவால் சுவரோடு கட்டிவிடலாம். குழந்தை பிடித்து இழுத்தாலும் கவிழாது. நாடாவின் கொளுக்கிக்குத் தினசரிப் பாரம் ஏதும் இல்லை.

ஏற்கெனவே தவறாகப் போட்ட துளைகளை மேசன்மார் சீமெந்தால் அடைத்துவிடுவார்கள். முருகைக்கல்லுக்கு அது ஆகாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுக்கொண்டிருப்பது. இறுகிய சீமெந்து அந்த வழியை மறித்தால் உப்பு அதன் ஓரத்தில் சேர்ந்து கல்லை உதிர்க்கும். இலங்கையின் கரையோரத்தில் பவளக்கல் அகழ்வதைச் சட்டம் தடுத்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. மாற்றுக் கல் கிடைக்காது. நீற்றின சுண்ணாம்பில் மணல் சேர்த்துக் குழைத்து, துளையை நனைத்துவிட்டு அடைத்தால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல உறிஞ்சி அதுவும் கல்சியம் காபனேற்றாகவே மாறும். கொஞ்சம் ஆழமான துளையென்றால் ஒரே தடவையில் நிரப்பாமல், அடுக்கடுக்காக, ஒவ்வொன்றையும் காயவிட்டு அடைக்கவேண்டும்.