உணவுக்குழலில் ஒவ்வாமை அழற்சி

கொச்சி நகரின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியைச் சார்ந்தது கொச்சங்காடி. இவ்வட்டாரத்தில் மலையாளிகளுடன் குஜராத்தியரும் கொங்கணியரும் தமிழரும் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். ஒரு வீட்டில் கோதுமையும் பாலும் அன்றாட உணவு. மற்றொரு வீட்டில் மீனும் இறாலும். உணவுப் பொருள்களால் தூண்டப்படும் ஒரு நோயைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு துணை செய்யும்.

இயோசின் என்னும் சாயத்தை ஏற்றுச் சிவக்கும் வெள்ளணுக்களை 1879ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் விவரித்தார். இயோசினோஃபில் எனப்படும் இவ்வணுக்கள் ஒட்டுண்ணிப் புழுக்களை எதிர்ப்பவை, ஒவ்வாமையிலும் பெருகுபவை. யானைக்கால் நோயை ஐரோப்பியர் முற்காலத்தில் 'கொச்சிக்கால்' என்றழைத்தனர். அந்நோயின் புழுக்களால் நுரையீரலில் தோன்றும் இயோசினோஃபில் மிகுதியும் நம் நாட்டில் நன்கு அறியப்பட்டதே. ஆதலால் இவ்வணுக்கள் மிகுந்தால் புழுத் தொற்றை முதலில் ஐயுறுவது இங்கு இயல்பு.

ஆனால் உணவுக்குழல் அழற்சி வேறு வகையானது. இதில் இயோசினோஃபில்கள் உணவுக்குழலின் சுவரில் குவிகின்றன. இரத்தச் சோதனை இயல்பாகவே இருக்கக்கூடும். 1993, 1994ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளே இதனைத் தனி நோயாக அடையாளம் காட்டின.

அறிகுறிகள்

பெரியவர்களுக்குச் சோற்றுக் கவளமோ, ரொட்டியோ, இறைச்சியோ நெஞ்சில் சிக்கிக்கொள்ளும். குழந்தைகள் வாந்தி எடுப்பர், உணவை மறுப்பர், எடை கூடாதிருப்பர். பலர் நெடுநேரம் மென்றும், ஒவ்வொரு வாய்க்கும் நீர் பருகியும் குறையை மறைத்து வாழப் பழகிவிடுகின்றனர். இதனால் ஆண்டுகள் வீணாகின்றன; அழற்சி தழும்பாகி, குழல் குறுகுகிறது. சிக்கிய உணவு இறங்காமல் உமிழ்நீரையும் விழுங்க இயலாவிடில் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கண்டறியும் முறை

எண்டோஸ்கோப் கருவியால் குழலை நோக்கி, பல இடங்களில் திசுத் துணுக்குகள் எடுக்கப்படுகின்றன. உருப்பெருக்கியின் உயர்திறன் பார்வைப் புலம் ஒன்றில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட இயோசினோஃபில்கள் தென்பட்டு, பிற காரணங்களும் விலக்கப்பட்டால் நோய் உறுதியாகும். வெளித்தோற்றம் இயல்பாக இருந்தாலும் திசுச் சோதனையைத் தவிர்த்தலாகாது.

சிகிச்சை

அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்துகள், விழுங்கும் வகை ஸ்டீராய்டு மருந்துகள், உணவு விலக்கு ஆகிய மூன்றும் முதன்மையானவை. குறுகிய குழலை மருத்துவர் விரிவுபடுத்துவதும் உண்டு. பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகள், மீன் வகைகள் ஆகியவையே பெரும்பாலும் நோயைத் தூண்டுபவை. மிளகும் மிளகாயும் நெஞ்செரிச்சலை மிகுவிக்கலாம். ஆயினும் இப்பட்டியலில் அவை இடம்பெறுவதில்லை.

எவ்வுணவு காரணம் என்பதைத் தோல் சோதனை நம்பத்தக்க வகையில் காட்டுவதில்லை. எனவே ஒன்றிரண்டு உணவுகளை விலக்கி, சில வாரங்களுக்குப் பின் மீண்டும் திசுவைச் சோதித்தே அறிய வேண்டும். கோதுமை உண்ணும் வீட்டுக்கும் மீன் உண்ணும் வீட்டுக்கும் விலக்கின் சுமை ஒன்றாக இராது. குழந்தைக்குப் பாலை நிறுத்தினால் கேழ்வரகு, பருப்பு போன்றவற்றால் சுண்ணாம்புச் சத்தையும் புரதத்தையும் ஈடுசெய்தல் இன்றியமையாதது. மருத்துவர் ஆலோசனையின்றித் தாமே பல உணவுகளை ஒதுக்குவது ஊட்டக்குறைவுக்கே வழிவகுக்கும்.

நோய் நாட்பட்டது, சிகிச்சையை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். எனினும் கட்டுப்படுத்தத்தக்கது. "உணவு நெஞ்சில் சிக்குகிறதா?" என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கப்படும் ஒரு கேள்வி, குழல் குறுகுமுன் நோயாளியை உரிய மருத்துவரிடம் சேர்க்கும்.