ஒரு டியூப் இருந்தால் போதும்!

உங்கள் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா? இருந்தால், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே என்ன நடக்கும் என்று நான் சொல்லட்டுமா?

மீன்களை வலையால் துரத்தித் துரத்திப் பிடித்து ஒரு வாளியில் போடுவீர்கள். அப்பா தொட்டியின் ஒரு பக்கம், அண்ணன் மறுபக்கம் பிடித்துக் குளியலறைக்குத் தூக்கிப் போவார்கள். தண்ணீரை மொத்தமாகக் கொட்டி, கூழாங்கற்களை அரிசி களைவது போலக் களைந்து, கண்ணாடியைப் பளபளவென்று தேய்த்து, குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் பிடித்து... அப்பப்பா! பாதி நாள் போய்விடும். கூடமெல்லாம் ஈரம். அம்மாவிடம் திட்டு வேறு.

இவ்வளவு பாடுபட்டும், மறுநாள் காலையில் இரண்டு மீன்கள் மல்லாந்து மிதக்கும்.

நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், திங்கட்கிழமை காலையில் இந்தச் சோகத்தோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் உண்டு. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, செத்த தங்க மீனைப் பஞ்சில் சுற்றி ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்து எடுத்து வந்துவிட்டாள். "சோப்பு போட்டுக் கழுவினீங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார். நல்ல தண்ணியிலதான், ரொம்ப ரொம்ப சுத்தமாக் கழுவினோம்" என்றாள் அழுதுகொண்டே.

அந்த "ரொம்ப சுத்தம்"தான் விஷயமே! எப்படி என்று பார்ப்போம்.

மீன் தின்கிறது, கழிவை வெளியேற்றுகிறது. அந்தக் கழிவில் முக்கியமானது அம்மோனியா. இதில் பெரும்பகுதி மீனின் செவுள் வழியாகவே தண்ணீரில் கலந்துவிடும். தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். இது மீனுக்கு விஷம். நிறமும் கிடையாது. அதனால் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும்; உள்ளே மீன் திணறிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் நம் மீன்கள் இத்தனை நாள் எப்படி உயிரோடு இருந்தன? தொட்டிக்குள் உங்களுக்குத் தெரியாமல் சில வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்! ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு மோசம் இல்லை. ரொம்ப அதிகமாகச் சேர்ந்தால்தான் தொல்லை. இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை 1890ம் ஆண்டு வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டியவர், செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. அவர் மீன் வளர்க்கவில்லை, மண்ணைத்தான் ஆராய்ந்தார். ஆனாலும் உங்கள் தொட்டியில் நடப்பதும் அதே கதைதான்.

இந்தப் பாக்டீரியாக்கள் எங்கே குடியிருக்கின்றன? தண்ணீரில் மிதப்பவை கொஞ்சம்தான். கூழாங்கற்களின் மேலும், கண்ணாடியிலும், முக்கியமாக ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்சிலும்தான் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை பெருகி நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இப்போது சொல்லுங்கள்: கல்லைக் களைந்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, கண்ணாடியைத் தேய்த்தால் என்ன ஆகும்? வேலைக்காரர்கள் எல்லாரும் சாக்கடையில்! புதுத் தண்ணீரில் மீன் போட்ட நேரத்திலிருந்து அம்மோனியா சேர ஆரம்பிக்கும். அதை மாற்ற ஆள் இருக்காது.

அதோடு குளோரின். மாநகராட்சியோ பேரூராட்சியோ, குழாயில் வரும் குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலந்திருப்பார்கள். நமக்கு அது நல்லது. மீனின் மெல்லிய செவுளை அது அரித்துவிடும். நல்ல பாக்டீரியாக்களையும் கொல்லும். ஒரே நாளில் எத்தனை அடி பாருங்கள், அந்தச் சின்ன உயிருக்கு.

அதற்காக, தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்தவர்களும் உண்டு. 1850ம் ஆண்டில், லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர், தங்க மீன்களோடு வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே தொட்டியில் வளர்த்துக் காட்டினார். செடி விடும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்கும். மீனின் கழிவு செடிக்கு உரம். அருமையான யோசனை! இதைக் கேட்டுப் பலர், 'செடி வைத்தால் போதும், தண்ணீரே மாற்ற வேண்டாம்' என்று நம்பினார்கள். ஆனால், நம் வீட்டுத் தொட்டிகளில் மீன் அதிகம், செடி குறைவு. பல வீடுகளில் பிளாஸ்டிக் செடிதான். அது எந்த உரத்தை உறிஞ்சும்?

எனவே, மொத்தமும் மாற்றக் கூடாது. மாற்றாமலும் இருக்கக் கூடாது. வாரம் ஒருமுறை கால் பங்கு. தொட்டியை நகர்த்த வேண்டாம். மீனைப் பிடிக்கவும் வேண்டாம்.

கால் பங்கு என்றால் எவ்வளவு? கணக்கு நோட்டை எடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 60 x 30 x 30. அதாவது 54 லிட்டர். கால் பங்கு, பதின்மூன்றரை லிட்டர். ஒரே ஒரு வாளி! (54 லிட்டர் தண்ணீரின் எடை மட்டும் 54 கிலோ என்பதையும் கவனியுங்கள். அப்பா முதுகைப் பிடித்துக்கொள்வது சும்மா இல்லை.)

முதல் வேலை, முந்தின நாளே ஒரு வாளித் தண்ணீர் பிடித்து, மூடாமல், மீன் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவது. ஒரு நாளில் குளோரின் காற்றில் போய்விடும். தண்ணீரும் தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கே வந்துவிடும். மே மாதத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்தானே? அதை அப்படியே மீன் மேல் ஊற்றினால் என்ன ஆகும்! போர் தண்ணீரையும் இப்படி ஒரு நாள் வைப்பது நல்லது. பூமிக்கடியில் இருந்து வருவதால் அதில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் வேண்டாம். அதில் மீனுக்குத் தேவையான உப்புகள் கிட்டத்தட்ட இல்லாமலே போயிருக்கும். அவசரம் என்றால் மீன் கடையில் குளோரினை நீக்கும் மருந்து கிடைக்கும். பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் 'ஹைப்போ' என்று வைத்திருப்பார்களே, சோடியம் தயோசல்பேட், பெரும்பாலும் அதுதான். சீட்டில் எழுதியுள்ள அளவுக்கு மேல் ஒரு சொட்டும் போடாதீர்கள்.

இனி டியூப். கொத்தனார் மட்டம் பார்க்க, உள்ளே தண்ணீர் தெரிகிற மாதிரி ஒரு டியூப் வைத்திருப்பார் அல்லவா? ஹார்டுவேர் கடையில் அந்த மாதிரி ஆறடி வாங்குங்கள். உங்கள் சுண்டு விரல் பருமன் இருந்தால் சரி. புதுசுதான் வேண்டும், சிமென்ட் பட்டது வேண்டாம்.

தொட்டியில் கை வைக்கும் முன், மோட்டார், விளக்கு எல்லாவற்றின் சுவிட்சையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கச் சொல்லுங்கள். தண்ணீரும் கரண்டும் சேர்ந்த இடத்தில் விளையாட்டு கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

காலி வாளியைத் தரையில் வையுங்கள். டியூபைச் சுருட்டி முழுவதும் தொட்டித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். காற்றே இல்லாமல் தண்ணீர் நிரம்பியதும், ஒரு முனையைக் கட்டை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு வெளியே எடுத்து, கீழே வாளிக்குள் விட்டு விரலை எடுங்கள். மறுமுனை தொட்டித் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். சர்ர்ர்... தண்ணீர் தானாகவே தொட்டி விளிம்பில் ஏறி, கீழே இறங்கும்! மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. சிலர் ஸ்கூட்டரில் பெட்ரோல் எடுப்பது போல வாயால் உறிஞ்சுவார்கள். மீன் கழிவு வாய்க்குள் போகும், வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் எப்படி மேலே ஏறியது? இதற்கு சைபன் என்று பெயர். டியூபில் வெளியே தொங்கும் பகுதி நீளம்; உள்ளே இருக்கும் பகுதி குட்டை. நீளப் பகுதியில் உள்ள தண்ணீரின் எடை கீழே இழுக்கிறது. டியூபுக்குள் வெற்றிடம் உண்டாகவிடாமல், தொட்டித் தண்ணீரின் மேல் அழுத்துகிற காற்று, பின்னாலேயே தண்ணீரை டியூபுக்குள் தள்ளிக்கொண்டு இருக்கிறது. வாளியை எவ்வளவு கீழே வைக்கிறீர்களோ அவ்வளவு வேகம். வாளியைத் தூக்கி, டியூபின் வெளி முனையைத் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்கே கொண்டுவாருங்கள், நின்றுவிடும். செய்து பாருங்களேன்.

சைபனுக்கு நிறுத்தத் தெரியாது. வாளி நிரம்பி வழிந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் தொட்டியின் கண்ணாடியில், தண்ணீர் மட்டத்திலிருந்து 7 சென்டிமீட்டர் கீழே ஒரு டேப் ஒட்டி வையுங்கள். டியூபின் உள்முனையை அந்த அடையாளத்தில் தொங்கவிட்டால், தண்ணீர் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து தானாகவே நின்றுவிடும்.

அடியில் கிடக்கும் அழுக்கையும் எடுக்க வேண்டுமா? அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். மூடியில் டியூப் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுச் செருகுங்கள். (வெட்டுவதும் ஓட்டை போடுவதும் பெரியவர் வேலை.) பாட்டிலின் அகலமான பக்கத்தைக் கற்களுக்குள் மெதுவாக அழுத்தினால் ஒரு வேடிக்கை நடக்கும். கற்கள் கொஞ்சம் எழும்பிச் சுழன்று மறுபடி விழுந்துவிடும்; லேசான அழுக்கு மட்டும் டியூப் வழியே போய்விடும். அகலமான இடத்தில் நீரோட்டம் மெதுவாக இருப்பதுதான் காரணம். பொடி மீன்கள் இருந்தால் பாட்டிலின் வாயில் கொசுவலைத் துணியைப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். ஏதாவது மீன் மாட்டுகிற மாதிரி தெரிந்தால் டியூபைச் சட்டென்று மடக்கிப் பிடியுங்கள், ஓட்டம் நின்றுவிடும்.

வாளியில் சேர்ந்த பழைய தண்ணீரை உடனே கொட்டாதீர்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சை அதில்தான் இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பிழிய வேண்டும். சேறு போகும், பாக்டீரியா பிழைக்கும். அப்புறம் அந்தத் தண்ணீரைத் துளசிக்கோ ரோஜாவுக்கோ ஊற்றுங்கள். நைட்ரேட் இருக்கிறதே, செடிக்குக் கொண்டாட்டம்.

புதுத் தண்ணீரை நிரப்பும்போது, அடியில் ஒரு சின்னத் தட்டை வைத்து, அதன் மேல் குவளையால் மெதுவாக ஊற்றுங்கள். கல் கலங்காது. தொட்டி தாழ்வான பெஞ்சில் இருந்தால் இன்னொரு வழி: முந்தின நாளே வாளியை, தொட்டியை விட உயரமான, ஆடாத மேசையில் வைத்து நிரப்பிவிடுங்கள். ஏர் பம்புக்கு மாட்டும் மெல்லிய டியூபால் அதே சைபன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வீட்டுப்பாடத்தை முடித்துவிடலாம்!

பல மாதங்களாக மாற்றாத தொட்டியா? முதல் நாளே கால் பங்கு எடுத்துவிடாதீர்கள். பழைய தண்ணீரின் தன்மை மெல்ல மெல்ல மாறி, மீனும் அதற்குப் பழகியிருக்கும். பத்தில் ஒரு பங்கு வீதம், இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மாற்றுங்கள்.

'டேங்க் கிளீனர்' என்று கடையில் ஒரு கறுப்பு மீன் தருவார்கள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும். அது இருந்தால் தண்ணீர் மாற்ற வேண்டாம் என்பது கட்டுக்கதை. தின்கிற மீன் கழிவும் போடும் அல்லவா? அது ஓரடிக்கு மேலும் வளரும். இடம் போதாமல் சிலர் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த இனம், நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகி, நம் மீன்களுக்குப் போட்டியாக நிற்கிறது. அந்தத் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள்.

வட்டக் கண்ணாடிக் கிண்ணம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மூன்று லிட்டர் தண்ணீரில் அழுக்கு எவ்வளவு சீக்கிரம் சேரும்! இத்தாலியில் மோன்சா என்ற நகரம் 2004ம் ஆண்டிலேயே, தங்க மீனை இப்படிக் கிண்ணத்தில் வளர்க்கக் கூடாது என்று தடை போட்டது. புதிதாக வாங்குவதானால், அப்பாவிடம் பெரிய தொட்டியாகக் கேளுங்கள். தண்ணீர் அதிகமாக இருந்தால் அழுக்கு சேர நாளாகும், உங்களுக்கு வேலையும் குறையும்.

எல்லாம் முடிந்ததும் பிளக்கை மாட்டும் முன் கையை நன்றாகத் துடையுங்கள். டியூபில் தண்ணீர் தங்காமல் உதறி, ஆணியில் தொங்கவிடுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவலாம். ஆமாம், சோப்பு இப்போதுதான்!